செவ்வாயின் தரையில் ஒரு காது வையுங்கள்: இஸ்ரோவுக்கு ஒரு திறந்த மடல்

இஸ்ரோவில் செவ்வாய்த் தரையிறக்கத் திட்டத்தை வகுக்கும் அறிவியலாளர்களுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் திருச்செங்கோட்டுக்காரன். மேல்நிலைப் பள்ளியில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தியாவின் எந்த மூலையில் போர்வெல் போட்டாலும், அங்கே நிற்கும் ரிக் வண்டியில் திருச்செங்கோடு என்று எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது எங்கள் பக்கத்தில் கடன் வாங்க வைக்கும் கேள்வி.

ரிக் வருவதற்கு முன் 'பாயிண்ட் பார்க்க' இங்கே இரண்டு விதமான ஆட்களைக் கூப்பிடுவார்கள். ஒருவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றி வருவார். தேங்காய் எழுந்து நிற்கும் இடத்தில் நீரோட்டம் என்பார். இன்னொருவர் ஜியாலஜிஸ்ட். நான்கு கம்பிகளை மண்ணில் ஊன்றி, கரண்ட் விட்டு, மீட்டரைப் பார்த்து, இத்தனை அடியில் பாறை வெடிப்பு இருக்கிறது என்பார். நான் இரண்டாமவர் கட்சி. எங்கள் வீட்டில் தண்ணீர் வந்தது என்னவோ தேங்காய்க்காரர் சொன்ன இடத்தில்தான். இதை என் மனைவி இன்றுவரை மறக்கவில்லை, என்னையும் மறக்க விடவில்லை.

தோண்டாமலே உள்ளே பார்ப்பது பற்றித்தான் இந்த மடலும். செவ்வாயில் ஒரு கலத்தைத் தரையிறக்கும் எண்ணம் உங்களுக்கு இருப்பதைச் செய்திகளில் படித்துவருகிறேன். எந்தக் கருவி ஏறும், எது எடை கருதி இறங்கும் என்ற பேச்சு உங்கள் அறைகளில் நடக்கும், அல்லது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும். அந்த அறையில் எனக்கு நாற்காலி இல்லை. இருந்தாலும் ஒரு நில அதிர்வுமானிக்காக வெளியிலிருந்து கை தூக்குகிறேன். கேமரா ஏறும், ரோவர் ஏறும், அவற்றுக்குப் பரிந்து பேச ஆள் உண்டு. தரையில் சும்மா உட்கார்ந்து மாதக்கணக்கில் காது கொடுத்துக் கேட்கும் கருவிக்குத்தான் ஆள் கிடைப்பது கஷ்டம்.

இந்த வித்தை நம் நாட்டுக்குப் புதிதில்லை. 1897 ஜூன் 12 அன்று அசாமை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்டம். ஐரோப்பாவில் இருந்த பதிவுக் கருவிகளில் அந்த நடுக்கம் விட்டுச்சென்ற கோடுகளை எடுத்துவைத்து, முதலில் வரும் அலை, அடுத்து வரும் அலை, கடைசியாக மேற்பரப்பை ஒட்டியே வரும் அலை என்று மூன்றையும் பிரித்துக் காட்டினார். அதே பாதையில் போய், 1906இல் பூமிக்கு நடுவே ஒரு கரு இருக்கிறது என்றார். மனிதன் துளைத்ததிலேயே ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது, 12 கிலோமீட்டர் சொச்சம். பூமியின் ஆரமோ 6,371 கிலோமீட்டர். மாம்பழத் தோலைக்கூட நாம் இன்னும் கிழிக்கவில்லை, ஆனால் கொட்டையின் அளவு தெரியும். அதைச் சொன்னவை இந்த அலைகள்தான். பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் 1960களிலிருந்து ஒரு நில அதிர்வு நிலையம் உலகெங்கும் நடக்கும் அணுகுண்டு சோதனைகளுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. உங்களுக்குப் பக்கத்து ஊர்.

சரி, செவ்வாய்க்கு வருவோம். 1976இல் இறங்கிய நாசாவின் வைக்கிங் கலங்கள் இரண்டிலும் அதிர்வுமானி இருந்தது. முதல் கலத்தில் பயணத்துக்காகப் பூட்டி வைத்திருந்த கருவி கடைசி வரை திறக்கவே இல்லை. இரண்டாவதில் திறந்தது. ஆனால் கருவியைத் தரையில் வைக்காமல் கலத்தின் மேல்தளத்திலேயே பொருத்தியிருந்தார்கள். காற்று கலத்தை ஆட்ட, கருவி காற்றைப் பதிவு செய்தது. ஓடும் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து பக்கத்து ஆளின் நாடியைப் பிடித்துப் பார்த்த கதை. சந்தேகத்துக்கிடமான ஒரே ஒரு அதிர்வைத் தவிர அங்கிருந்து வேறெதுவும் தேறவில்லை. அதன் பிறகு நாற்பது வருடத்துக்கும் மேல் செவ்வாயில் யாரும் தரையைக் கேட்கவில்லை. ஒருமுறை சொதப்பிய கருவிக்கு மறுபடி இடம் கிடைக்க ஒரு தலைமுறை ஆகிவிடுகிறது. உங்கள் தேர்வுக் குழுவில் யாராவது அதிர்வுமானியை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால், இந்த நாற்பது வருடத்தை நினைவுபடுத்துங்கள்.

அந்த மௌனத்தை உடைத்தது நாசாவின் இன்சைட் கலம். அதன் தலைமை அறிவியலாளர் புரூஸ் பேனர்ட் இந்தக் கருவியைச் செவ்வாய்க்கு அனுப்பப் பல பத்தாண்டுகள் முயன்றவர். கருவியைச் செய்து கொடுத்தது பிரான்ஸின் விண்வெளி நிறுவனமும் அதன் கூட்டாளிகளும். உள்ளே இருந்த ஊசல்கள் ஓர் அணுவைவிடச் சிறிய அசைவையும் உணரக்கூடியவை. அதனால் அவற்றை ஒரு வெற்றிடக் கோளத்துக்குள் அடைத்திருந்தார்கள். 2016 மார்ச்சில் கிளம்ப வேண்டிய கலம். 2015 டிசம்பரில் கடுங்குளிரில் சோதித்தபோது கோளத்தில் ஒரு நுண்ணிய கசிவு தெரிந்தது. ஏவுதலையே தள்ளிவைத்தார்கள். செவ்வாய்க்கு ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் 26 மாதம் கழித்துத்தான். 2018 மே 5 அன்று கிளம்பியது. நிறையப் பணமும் இரண்டு வருடமும் போனதுதான். ஆனால் கசியும் கருவியோடு போயிருந்தால் இன்று பேச ஒன்றும் இருந்திருக்காது.

2018 நவம்பர் 26, எலிசியம் சமவெளி. இறங்கிய இடம் பாறைகூட அதிகம் இல்லாத பொட்டல் வெளி. படம் பார்த்தவர்கள் சலித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் அந்த இடத்தை வேண்டுமென்றேதான் தேடிப் பிடித்தார்கள். டிசம்பர் 19 அன்று கலத்தின் எந்திரக் கை அதிர்வுமானியைத் தூக்கி, ஒன்றரை மீட்டருக்குச் சற்று அப்பால் தரையில் வைத்தது. 2019 பிப்ரவரி 2 அன்று அதன் மேல் காற்றையும் வெப்ப மாற்றத்தையும் தடுக்கும் மூடியைக் கவிழ்த்தது. நம்மூரில் கோழிக் கூடையைக் கவிழ்ப்பது போலத்தான். வைக்கிங்கின் பாடத்தை வரி விடாமல் படித்திருந்தார்கள்.

அப்புறம் காத்திருப்பு. மூடி கவிழ்த்து இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 6 அன்றுதான் முதல் செவ்வாய் நடுக்கம் என்று சொல்லத்தக்க ஒன்று பதிவானது. அதுவும் கோளின் உட்புறத்தைப் பற்றி எதையும் சொல்ல முடியாத அளவுக்கு மெலிந்த ஒன்று. உங்கள் விக்ரம் கலம் நிலாவில் வேலை செய்தது ஒரு நிலாப் பகல், நம் கணக்கில் சுமார் 14 நாள். அது அந்த வேலைக்குப் போதுமானதாக இருந்தது, நாடே கைதட்டியது. நானும்தான், தெருமுனை டீக்கடையில் நின்று. ஆனால் செவ்வாயில் 14 நாள் மட்டும் வேலை செய்யும் அதிர்வுமானி காற்றின் ஓசையைத் தவிர வேறொன்றையும் கேட்காமலே கண்ணை மூடியிருக்கும்.

இன்சைட் நான்கு வருடம் கேட்டது. மொத்தம் 1,319 நடுக்கங்கள். பகலில் காற்று அதிகமாக இருந்ததால் பெரும்பாலானவை மாலையிலும் முன்னிரவிலும், காற்று ஓய்ந்த நேரத்தில் சிக்கியவை. தெளிவாகப் பதிவானவற்றில் பல, கலத்திலிருந்து சுமார் 1,600 கிலோமீட்டர் கிழக்கே இருக்கும் செர்பெரஸ் பள்ளத்தாக்குப் பகுதியிலிருந்து வந்தன. ஒரே ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டு இடத்தை எப்படிச் சொன்னார்கள் என்று என் பழைய மாணவர்கள் கேட்பார்கள். மின்னல் வெட்டிய பிறகு இடி வர எத்தனை நொடி என்று எண்ணி, எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று கணக்கிடும் அதே வேலைதான். வேகமான முதல் அலைக்கும் மெதுவான இரண்டாம் அலைக்கும் உள்ள இடைவெளி தூரத்தைச் சொல்லும். தரை எந்தப் பக்கமாக அசைந்தது என்பது திசையைச் சொல்லும்.

2021 டிசம்பர் 24 அன்று 4 என்ற அளவில் ஓர் அதிர்வு வந்தது. பிற்பாடு சுற்றுவட்டக் கலம் எடுத்த படங்களில், அமேசானிஸ் சமவெளியில் 150 மீட்டர் அகலத்துக்குப் புத்தம்புதுப் பள்ளம் ஒன்று தெரிந்தது. விண்கல் விழுந்த இடம். பள்ளத்தைச் சுற்றி உள்ளிருந்து எகிறிய பனிக்கட்டிகள் சிதறிக் கிடந்தன. எங்கே, எப்போது அடித்தது என்று நன்றாகத் தெரிந்த அடி இது. பலாப்பழத்தை விரலால் தட்டும்போது எங்கே தட்டுகிறோம் என்று தெரிந்தால்தானே சத்தத்துக்கு அர்த்தம்? அதனால் இந்த ஒரு பதிவை ஆய்வாளர்கள் பொக்கிஷம் போலக் கையாண்டார்கள்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 3,390 கிலோமீட்டர் ஆரமுள்ள அந்தக் கோளின் கரு எவ்வளவு பெரியது? 2021இல் வெளியான கணக்கு, கருவின் மேல் பட்டுத் திரும்பிய அலைகளை வைத்து, ஆரம் சுமார் 1,830 கிலோமீட்டர் என்றது. எதிர்பார்த்ததைவிடப் பெரிய கரு. பெரிதாக இருந்தால் அடர்த்தி குறைவாக இருக்க வேண்டும், அப்படியானால் இரும்போடு கந்தகம் போன்ற இலேசான தனிமங்கள் அளவுக்கு அதிகமாகக் கலந்திருக்க வேண்டும். அந்தக் கலவை எங்கிருந்து வந்திருக்கும் என்று வேதியியல்காரர்கள் தலையைச் சொறிந்தார்கள். 2021 செப்டம்பர் 18 அன்று செவ்வாயின் மறுபக்கத்தில் ஒரு விண்கல் விழுந்தது. அந்த அலைகள் கோளின் ஆழத்தைக் கடந்து வந்தன. அவற்றை அலசிய இரு குழுக்கள் 2023இல் தனித்தனியே ஒரே முடிவைச் சொன்னார்கள்: கருவுக்கு மேலே சுமார் 150 கிலோமீட்டர் தடிமனுக்கு உருகிய பாறை அடுக்கு ஒன்று இருக்கிறது. முதல் கணக்கு அந்த அடுக்கின் மேல்பரப்பைக் கரு என்று எண்ணிவிட்டது. உண்மையான உலோகக் கருவின் ஆரம் 1,650 கிலோமீட்டரை ஒட்டித்தான். அடர்த்திப் பிரச்சினையும் கிட்டத்தட்டத் தீர்ந்தது. 2025இல் சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு ஒன்று, அந்தத் திரவக் கருவுக்கும் உள்ளே சுமார் 600 கிலோமீட்டர் ஆரத்தில் கெட்டியான உட்கரு இருக்கிறது என்றது. அதற்கு முன் கரு முழுவதும் திரவம் என்றே பலரும் நினைத்திருந்தார்கள்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இத்தனை திருத்தங்களுக்கும் காரணம் ஒரே இடத்தில் ஒரே காது இருந்ததுதான். நிலாவில் அப்போலோ வீரர்கள் வைத்த நான்கு நிலையங்கள் 1977 வரை சேர்ந்து வேலை செய்தன. செவ்வாய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டாவது, 2025இன் முடிவு வந்தபோது இன்சைட் செத்து மூன்று வருடம் ஆகப் போகிறது. அமெரிக்கக் கலம், பிரெஞ்சுக் கருவி, சீன ஆய்வாளர்கள். தரவு எல்லோருக்கும் திறந்து கிடந்ததால் நடந்தது. உங்கள் கருவியின் பதிவுகளையும் அப்படியே, காலம் தாழ்த்தாமல், தோண்டி எடுக்க வசதியாக வையுங்கள். நாமக்கல்லில் ஒரு கல்லூரிப் பிள்ளை ராத்திரி உட்கார்ந்து நோண்டுவதற்கும் வழி இருக்கட்டும்.

இன்சைட்டில் தோற்றுப்போன கருவியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது எங்கள் ஊர்த் தொழில். ஜெர்மனியின் விண்வெளி மையம் செய்த 40 சென்டிமீட்டர் நீள ஆணி அது. உள்ளே ஸ்பிரிங்கால் இயங்கும் சுத்தியல் தன்னைத் தானே அடித்துக்கொண்டு ஐந்து மீட்டர் வரை இறங்க வேண்டும். பின்னால் இழுத்துப் போகும் பட்டையில் இருக்கும் வெப்ப உணரிகள், கோளின் உள்ளிருந்து எவ்வளவு சூடு வெளியேறுகிறது என்று அளக்க வேண்டும். 2019 பிப்ரவரி 28 அன்று அடிக்கத் தொடங்கியது. ஓரிரு சாண் போனதும் நின்றுவிட்டது. எந்திரக் கையின் கரண்டியால் பக்கத்தில் அழுத்திப் பிடித்துப் பார்த்தார்கள். கொஞ்சம் இறங்கியது, அப்புறம் பாதி உடம்பு வெளியே துள்ளிவிட்டது. தலையில் வைத்து அழுத்திப் பார்த்தார்கள். 2021 ஜனவரியில் கடைசியாக 500 அடி அடித்துவிட்டுக் கைவிட்டார்கள். அப்போதுதான் ஆணியின் தலை தரைமட்டத்துக்குச் சற்றே கீழே போயிருந்தது.

ரிக் வண்டி வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். நான் பாதி சொல்வதற்குள் சிரித்தான். "ஏனுங்க சார், சுத்தி நின்னு புடிக்க மண்ணு இல்லீன்னா, அடிக்க அடிக்கத் துள்ளத்தானுங்க செய்யும்?" என்றான். அதுவேதான். அடியின் எதிர்வீச்சைத் தாங்கிக்கொள்ள, சரிந்து வந்து ஆணியைக் கவ்வும் தளர்ந்த மணலை எதிர்பார்த்து அதை வடிவமைத்திருந்தார்கள். அங்கே இருந்ததோ ஒட்டிக் கெட்டிப்பட்ட மேல்மண். குழி குழியாகவே நின்றது, பிடிமானம் கிடைக்கவில்லை. அறிவாளிகளை என் மாணவன் ஒரு வாக்கியத்தில் மடக்கிவிட்டதாக நான் சொல்ல வரவில்லை. போகாத ஊரின் மண்ணை யாருக்குத் தெரியும்?

ஆனால் உங்களுக்கு இதில் ஓர் அனுகூலம் இருக்கிறது. சந்திரயான்-3இன் சாஸ்டே கருவி சுத்தியலை நம்பவில்லை. மோட்டார் சுழன்று, ஊசியை மெல்ல மெல்ல நிலாமண்ணுக்குள் தள்ளியது. பத்து சென்டிமீட்டர்தான், பத்து உணரிகள். மேற்பரப்பில் 50 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்த வெப்பம், எட்டே சென்டிமீட்டர் ஆழத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போனதைச் சொல்லியது. எங்கள் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையைப் பொடித்துத்தான் நீங்கள் நிலாமண் போலச் செய்து கலத்தைச் சோதித்தீர்கள். அதில் எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. செவ்வாய்க்குச் சோதிக்கும்போது ஒரே வகை மண்ணோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். உதிரும் மண், ஒட்டும் மண், மேலே பொருக்கு கட்டிக் கீழே தூளாக இருக்கும் மண் என்று எல்லாவற்றிலும் ஊசியை இறக்கிப் பாருங்கள். வெப்ப ஊசி ஏறாவிட்டாலும் எனக்கு வருத்தம் குறைவுதான். அதிர்வுமானி ஏற வேண்டும்.

அதற்கும் நீங்கள் புதியவர்கள் இல்லை. பெங்களூரில் உள்ள உங்கள் மின்-ஒளியியல் ஆய்வகம் செய்த இல்சா என்ற அதிர்வுமானியை நிலாத் தரையில் இறக்கி, சுமார் 190 மணி நேரம் கேட்டீர்கள். 250க்கும் மேற்பட்ட அதிர்வுகள். அவற்றில் 200 வரை பிரக்யான் ரோவர் நடந்த சத்தம், மற்றக் கருவிகள் இயங்கிய சத்தம். மீதி ஐம்பது எதோடும் ஒட்டவில்லை, தரையின் சொந்தக் குரலாக இருக்கலாம். கலம் தாவிப் பார்க்கும் சோதனைக்கு முன்னால் கருவியை மடித்து மறுபடி உள்ளே எடுத்துவிட்டீர்கள். அந்தத் தாவல் அருமையான பொறியியல், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த ஐம்பதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. இல்சா சிலிக்கனில் செதுக்கிய நுண்கருவி. இன்சைட்டிலும் பிரிட்டனில் செய்த அதேபோன்ற சிலிக்கன் உணரிகள் மூன்று இருந்தன. ஆனால் கருவின் கதையைச் சொன்ன மெதுவான, நீண்ட அலைகளைப் பிடித்தவை முதன்மையாக அந்தப் பெரிய ஊசல்களே. இல்சாவை அப்படியே செவ்வாய்க்குக் கொண்டுபோனால் போதாது. இன்னும் பல மடங்கு கூர்மையான ஒன்றை இங்கேயே செய்ய வேண்டும், அல்லது செய்து பழகியவர்களோடு சேர வேண்டும். சேர்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்சைட்டே அரை ஐரோப்பியக் கலம்தானே.

தூசியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சோலார் பேனல் இருக்கிறது. பக்கத்தில் ஜல்லி கிரஷர் ஓடும் பங்குனி மாதத்தில் பத்து நாள் துடைக்காமல் விட்டால் மீட்டர் படுத்துவிடும். இன்சைட்டின் இரண்டு வட்டத் தகடுகளும் இறங்கிய புதிதில் ஒரு செவ்வாய் நாளுக்கு 5,000 வாட்-மணி கொடுத்தன. 2022 மே மாதம் அது 500. துடைக்க எதுவும் அனுப்பவில்லை. எடை கூடும், செலவு கூடும், இரண்டு வருடத் திட்டத்துக்கு அது தேவைப்படாது என்று கணக்குப் போட்டார்கள். சுழற்காற்று வந்து துடைத்துவிடும் என்ற நம்பிக்கையும் பலிக்கவில்லை. கடைசியில் கரண்டியால் மணலை அள்ளித் தகட்டின் ஓரத்தில், காற்று வீசும் நேரமாகப் பார்த்துத் தூவினார்கள். பெரிய மணல் துகள்கள் துள்ளிப் போகும்போது தூசியையும் கூட்டிக்கொண்டு போயின. ஒரு நாளைக்கு 30 வாட்-மணி கூடுதலாகக் கிடைத்தது. மண்ணைக் கொட்டி மண்ணைத் துடைத்த அந்த யோசனையை யார் சொன்னார்களோ, அவருக்கு ஒரு சால்வை போர்த்த வேண்டும்.

மின்சாரம் வற்றியபோது அவர்கள் எடுத்த முடிவைச் சொல்கிறேன். கலத்தைக் காப்பாற்றும் தானியங்கிப் பாதுகாப்பு ஏற்பாட்டை அணைத்துவிட்டு, எஞ்சிய மின்சாரத்தை அதிர்வுமானிக்குக் கொடுத்தார்கள். கலம் சீக்கிரம் சாகலாம், ஆனால் சாகும்வரை கேட்கட்டும் என்று. மின்சாரம் அப்படி இறங்கிக்கொண்டிருந்த 2022 மே 4 அன்றுதான் மிகப் பெரிய நடுக்கம், 4.7 அளவில், வந்தது. இறங்கி மூன்றரை வருடம் கழித்து. அதற்கு முன்னமே கடையைக் கட்டியிருந்தால் அது இல்லை. விண்கல் விழுந்ததா, உள்ளிருந்து வந்ததா என்று பார்க்க, செவ்வாயைச் சுற்றும் கலங்களை வைத்திருந்த எல்லா நிறுவனங்களிடமும் உதவி கேட்டார்கள். ஐரோப்பா, சீனா, அமீரகம், அப்புறம் நீங்கள். எங்கே தேடியும் புதுப் பள்ளம் இல்லை. உள்ளே சேர்ந்திருந்த இறுக்கம் விடுபட்டதால் வந்த நடுக்கம் என்று 2023இல் முடிவு சொன்னார்கள். ஆகவே செவ்வாயின் நில அதிர்வியலில் உங்கள் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. இதை நம் செய்தித்தாள்கள் பெரிதாக எழுதியதாக எனக்கு நினைவில்லை.

இன்சைட் கடைசியாகப் பேசியது 2022 டிசம்பர் 15. ஆறு மாதத்துக்கென்று அனுப்பி எட்டு வருடம் பக்கம் ஓடிய உங்கள் மங்கள்யானும் அதே வருடம்தான் மௌனமானது.

ஆக, என் வேண்டுதல் இதுதான். அதிர்வுமானியைக் கலத்தின் மேல்தளத்தில் கட்டாதீர்கள். கையோ கயிறோ, எதையாவது கொண்டு தரையில் இறக்கி மூடி போடுங்கள். ஒரு செவ்வாய் ஆண்டாவது, அதாவது நம் கணக்கில் 687 நாளாவது, உயிரோடு இருக்கும்படி மின்சாரத்துக்கும் குளிருக்கும் ஏற்பாடு செய்யுங்கள். சந்திரயான்-3இன் உந்துவிசைப் பகுதியில் சிறிய கதிரியக்க வெப்பமூட்டிகளைச் சோதித்தீர்களே, அந்த வழியில் இன்னும் கொஞ்சம் நடக்கலாம். தகட்டைத் துடைக்க ஒரு வழி, எளியதாக இருந்தாலும் போதும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எலிசியத்தை விட்டு விலகிப் போங்கள். இன்சைட் இருந்த இடத்திலிருந்து பார்த்தால், பெரிய எரிமலைகள் நிற்கும் தார்சிஸ் பகுதி கருவின் நிழலில் மறைந்துவிட்டது. அங்கே நடுக்கம் வந்தாலும் அலைகள் சரியாக வந்து சேராது. நீங்கள் வேறு பக்கத்தில் காது வைத்தால், இன்சைட் கேட்காததைக் கேட்பீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கேட்கவில்லை என்பது குறைதான். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது, நாம்தான் தாமதம்.

ரோவர் நடக்கும் படம் போல இதில் காட்ட ஒன்றும் இருக்காது. மாதக்கணக்கில் வெறும் கோடு. தொலைக்காட்சிக்காரர்கள் கேட்டால், கருவி வேலை செய்கிறது, இன்னும் எதுவும் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பதிலைச் சொல்ல உங்களுக்குத் தயக்கம் வேண்டாம், கேட்டுக்கொள்ள எங்களைப் போல ஆட்கள் இருக்கிறோம்.

ஒன்று விட்டுப்போயிற்று. 2024இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் மூன்று பேர், இன்சைட்டின் பதிவுகளை வைத்து, செவ்வாயின் மேலோட்டில் 11.5 முதல் 20 கிலோமீட்டர் ஆழத்தில் பாறை வெடிப்புகளில் தண்ணீர் இருக்கலாம் என்று எழுதினார்கள். எல்லோரும் ஏற்கவில்லை. காய்ந்த பாறையும் அப்படி அலையைக் கடத்தக்கூடும் என்று எதிர்வாதம் இருக்கிறது. தீர்ப்புச் சொல்ல இன்னோர் இடத்தில் இன்னோர் அதிர்வுமானி வேண்டும். இதையும் என் மாணவனிடம் சொன்னேன். அவன் மனக்கணக்கில் கெட்டிக்காரன். பதினொன்றரைக் கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய 38,000 அடி. அடிக்கு நூறு ரூபாய் வைத்தாலும் 38 லட்சம், கேசிங் பைப் தனி என்றான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரிக்கு அப்புறம் பாத்துக்கலாமுங்க சார், மொதல்ல நல்லா பாயிண்ட் பாக்கச் சொல்லுங்க" என்றான்.

சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்செங்கோடு, நாமக்கல் மாவட்டம்